கன்னிமூலைத் தூண்

காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது பல் கூசும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. எப்போதடா நிற்கும் என்றிருக்கும். அது வேலைக்கு நடுவில் தானாக நின்றுபோன அன்றுதான், அந்த இரைச்சலைவிட அந்த அமைதி எவ்வளவு மோசமானது என்று எனக்குத் தெரிந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். இருபத்துநான்கு வீடுகள் கொண்ட எங்கள் மூன்றடுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத் தூண்களுக்குக் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். மிச்சமிருந்தது தென்மேற்கு மூலைத் தூண் ஒன்றுதான். கொத்தனார்கள் அதைக் கன்னிமூலை என்பார்கள். அதன் பலகைக்கூட்டுக்குள் ஏழெட்டுச் சட்டி விழுந்திருந்த நேரத்தில் இயந்திரம் இருமிவிட்டு அடங்கியது. மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வேறு இயந்திரம் டவுணிலிருந்துதான் வரவேண்டும். நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் என்ற பெயரில் அங்கே நின்றது அதற்காகத்தான். தலைமைக் கொத்தனார் அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். “கலவ இறுகிரும். கம்பிய விட்டுக் குத்தி இறக்கிருவோம். நீ பைய ஓரமா நில்லுட்டி,” என்றார். எனக்கு இருபத்துநான்கு வயது. கையில் சிவில் டிப்ளமோ. அந்த சைட்டில் தலையில் சட்டி சுமக்காத ஒரே பெண் நான். நிறுத்து என்று சொல்லி, பதினெட்டு ஆண்கள் சிரித்துவிட்டால் நாளை எப்படி இங்கே வந்து நிற்பது என்று பயந்தேன். ஓரமாக நின்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பலகையைக் கழற்றினார்கள். தூணின் அடிப்பக்கம், முழங்கால் உயரம்வரை, தேன்கூடு மாதிரி இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சிமெண்ட் இறங்கவே இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே கம்பி குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார். சிமெண்டைக் குழைத்து, கரண்டியால் அப்பி, மட்டப்பலகையால் தேய்த்து, பத்து நிமிடத்தில் மற்றத் தூண்களைப் போல ஆக்கிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இப்படிப் பூசிய பத்துத் தூண்கள் இன்றும் நிற்கின்றன என்று அவர் நம்பினார். சாயங்காலம் அக்கா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தூணையும் தொட்டுக்கொண்டே நடந்தார். அந்தத் தூணையும் தொட்டார். “எல்லாம் சரியா இருக்காட்டி?” என்று கேட்டார். “சரியா இருக்குக்கா,” என்றேன்.

அக்கா என்றுதான் கம்பெனியில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். எனக்கு அவர் உறவு இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவருடைய அப்பா ஒரு குமாஸ்தா; வாழ்நாள் முழுக்க வாடகை வீடு. பள்ளிப்படிப்பு முடிவதற்குள் பதினோரு வீடு மாறியதாக அக்கா சொல்வார். வாசலில் யாராவது தொண்டையைச் செருமினால், வாடகை கேட்க வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று ஐம்பது வயதிலும் எழுந்து நின்றுவிடுவேன் என்பார். கணவர் இறந்தபிறகு அவர் பங்குக்கு வந்த மனையில் நான்கு வீடு கட்டினார். தனக்கு ஒன்று போக மூன்றை, தன்னோடு வேலை பார்த்த ஆயாவுக்கும், ஒரு நர்ஸுக்கும், பீடி சுற்றும் ஒரு குடும்பத்துக்கும் கட்டின விலைக்குப் பக்கத்திலேயே கொடுத்தார். அப்போது அதற்குக் கம்பெனி என்ற பெயர் கிடையாது. அந்தப் பீடிக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள் வந்து எங்களுக்கும் கட்டித் தாங்க டீச்சர் என்று கேட்டதில் அடுத்த பன்னிரண்டு வீடு எழும்பியது. அதன்பிறகு அவர் வேலையை விட்டார். நான் சேர்ந்தது அப்போதுதான். அலுவலகம் என்பது அவர் வீட்டு முன்னறை. சாப்பாட்டு மேசையில்தான் நான் வரைபடம் விரிப்பேன். பல்லி விழுந்தாலும் கத்துகிற மனுஷி. இடி இடித்தால் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். ‘நான் பயந்தாங்கொள்ளி, அதனாலதான் டீச்சரானேன், பிள்ளைகளாவது நம்மளப் பாத்துப் பயப்படும்லா’ என்று சொல்லிச் சிரிப்பார்.

இருபத்துநான்கு வீட்டுக் கட்டடம்தான் எங்களை ஊருக்குக் காட்டியது. டவுணில் துணிக்கடையில் நிற்பவர்கள், அல்வாக்கடையில் கிண்டுகிறவர்கள், பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லாம் அங்கே குடிவந்தார்கள். சின்ன வீடுகள்தான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறையில் இருவர் நின்றால் இடிக்கும். ஆனால் சாவி வாங்கும்போது அழாத குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. வாசலில் பெயர்ப்பலகை வைத்தோம். சாப்பாட்டு மேசையை விட்டுத் தனி அலுவலகம் பிடித்தோம். நான்கு பேர் இருந்த இடத்தில் பதினாறு பேர் ஆனோம். எல்லோரும் என்னைக் கைகாட்டி, அந்தக் கட்டடத்தை நின்று கட்டிய பிள்ளை என்று சொன்னார்கள். எனக்கோ அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் விரல் நுனியில் அந்தக் கம்பியின் குளிர்ச்சி வந்துபோகும். ஐப்பசி மழை விடாமல் பெய்தால் காரணமே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவழியாகப் போவேன். கட்டடம் நிற்கும். மாடிக் கொடியில் துணி காயும். திரும்பி வந்துவிடுவேன். கம்பெனி வளர வளர அந்தப் பயமும் வளர்ந்தது. நான்கு பேர் மட்டும் இருந்தபோது சொல்லியிருந்தால் ஒரு தூணோடு போயிருக்கும். இப்போது சொன்னால் எத்தனை பேர் சோற்றில் மண் விழும் என்று எண்ணத் தொடங்கினேன். சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு புதிய நியாயம் கிடைத்தது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் குத்தகை முடிகிறது, ஆட்கள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, மணிமுத்தாறு போகிற சாலையில் நாற்பது தனிவீடுகள் கட்ட அக்கா திட்டமிட்டார். விருப்பப்பட்டவர்களைப் பார்த்துப் பேச இருவரும் பஸ்ஸில் மலைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அக்கா கண்ணை இறுக மூடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறங்கியபோது நகம் பதிந்த தடம் சிவந்திருந்தது. மேலே வரிசை வீடுகளில் ஒன்றில் எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். அங்கேயே பிறந்தவர். அவருடைய அம்மாவும் அங்கேயே பிறந்தவர். அவர் விலை கேட்கவில்லை. தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. சுவரில் கைவைத்துக்கொண்டு, “இது எங்க பாட்டங் காலத்து வீடு. ஒரு மழைக்கும் அசையல. நீங்க கட்டுத வீடு நிக்குமா?” என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் தயங்காமல் என் தோளில் கையை வைத்தார். “இவ பாத்துக்கிடுவா. இவ நின்னு பாத்த வீடு நிக்கும்.” அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் சாயா டம்ளரைப் பாதியோடு கீழே வைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் திறந்துவைத்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்து வந்தேன்.

நாற்பது வீடுகளும் கூரை மட்டத்துக்கு வந்திருந்த சமயம், அந்தப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரின் மனைவி. “படுக்க ரூம்பு கதவு சாத்த மாட்டேங்கு. ஆசாரிய அனுப்புதியாம்மா?” என்றார், சாதாரணமாக. எந்த வீடு என்று நான் கேட்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். கதவு நிலைக்கு மேலே ஒரு கீறல், தலைமுடியை ஒட்டவைத்த மாதிரி, மூலைத் தூணை நோக்கிச் சாய்வாக ஏறியிருந்தது. மறுபக்கம் குளியலறை. நான்கு வருஷமாக அந்தச் சுவர் ஈரம் குடித்திருக்கிறது. தூணின் அடியில் பூச்சு லேசாக உப்பியிருந்தது. விரலால் சுண்டினேன். உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் பொள்ளல் சத்தம் வந்தது. அந்த அம்மா முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். கதவை இழைத்தால் சரியாகிவிடும் அல்லவா என்று கேட்டார். கீறல் நகர்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பார்கள். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். ஒட்டிவைத்துவிட்டு, இதைத் தொடாதீங்க என்று மட்டும் சொல்லி வந்தேன். ஐந்து நாள் காத்திருந்தேன். சைட்டில் எங்காவது பலகை விழுந்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடும். ஆறாம் நாள் காலை போனேன். கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த அறையில் கட்டிலில் கண்டக்டரின் பேத்தி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே இரண்டு தளங்களில் யாரோ அம்மியில் அரைக்கும் சத்தம், யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று மதியம் அக்கா அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வைப்ரேட்டர் நின்றது, தேன்கூடு, பூச்சு, அன்று சாயங்காலம் நான் சொன்ன பொய், கண்ணாடி. அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. “நாலு வருஷமா?” என்றார். “நாலு வருஷமா நீ எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க?” பிறகு கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வெளிய போ என்றார். நான் வெளியே வந்து சுவரோரம் நின்றேன். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். “வண்டிய எடு,” என்றார்.

அக்கா என் தோளைப் பிடிக்காமல், வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டடத்தின் முன் இறங்கியதும் சொன்னார்: “ஒளிச்சுப் பேசினா ஒருத்தரும் எறங்க மாட்டாவ. உள்ளதச் சொல்லுவோம்.” முதல் வீடு கண்டக்டருடையது. பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். தூண் ஒன்றில் பழுது இருக்கிறது, கட்டும்போதே நேர்ந்தது, தப்பு எங்களுடையது, இன்றைக்கே எல்லோரும் வெளியே வரவேண்டும். இருபத்துநான்கு தடவை அதையே சொன்னார். கெஞ்சினார். இரண்டாம் தளத்தில் ஒருவர் கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார். மறுபடி தட்டினார். அல்வாக்கடை ஊழியர் ஒருவர், “நாங்க ஏழைன்னுதானே எங்களுக்கு இப்படிக் கட்டுனிய?” என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான், “இல்லண்ணே. நான் பயந்ததால,” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அக்காவின் பழைய பள்ளிக்கூடத்தில் பரீட்சை விடுமுறை. அங்கே கூடத்தைத் திறந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாயும் பாத்திரமும் கட்டி எல்லாக் குடும்பமும் இறங்கிவிட்டது. கண்டக்டரின் மனைவி கடைசியாக வந்தார். சாத்த முடியாத அந்தக் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

மதுரையிலிருந்து கட்டட வல்லுநர் ஒருவர் வந்தார். சுற்றிலும் இரும்பு ஜாக்கிகளை முட்டுக்கொடுத்துவிட்டு, தூணின் அடியை உடைத்துப் பார்த்தால்தான் நிலைமை தெரியும் என்றார். உடைக்க வந்த ஆட்கள் உள்ளே போக மறுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. “கம்பெனிக்காரங்க யாராச்சும் உள்ள நில்லுங்க. நீங்க நிக்கிற எடத்துல நாங்களும் நிக்கோம்,” என்றார் அவர்களில் மூத்தவர். நான் ஒரு எட்டு வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, பிடித்த கையை விடாமல், அவரும் கூடவே உள்ளே வந்தார். பட்டப்பகல். அந்தச் சின்னப் படுக்கையறையில் முட்டுகளுக்கு நடுவே நாங்கள் இருவர், வல்லுநர், உளியோடு அந்த மூத்தவர். உளியில் முதல் அடி விழுந்தபோது மேலிருந்து பொடி உதிர்ந்து அக்காவின் தலைமுடியில் படிந்தது. எங்கேயோ இரும்பு முனகியது. இந்தக் கூரை, இதன்மேல் ஒரு கூரை, அதன்மேல் இன்னொன்று என்று மனசு எடையைக் கூட்டிக்கொண்டே போனது. அப்போது பக்கத்தில் ஏதோ முணுமுணுப்பு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு. அடி. பதினாறு எட்டு நூற்று இருபத்தெட்டு. அடி. ஓடிப்போய்விடாமல் நிற்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே நான்கு கம்பிகளில் இரண்டு துருப்பிடித்து, தொட்டால் ஏடு ஏடாக உரிந்தன. வல்லுநர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தார். “இந்த மழைக்காலத்தத் தாண்டியிருக்கும்னு என்னால எழுதித் தர முடியாது,” என்றார். அக்கா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, பருமனாக்கி, மற்ற எல்லாத் தூண்களையும் சோதித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. மற்றவற்றில் பழுது இல்லை. செலவுக்கு அக்கா தன் வீட்டை விற்றார். பதினோரு வாடகை வீட்டுக்குப் பிறகு கிடைத்த வீடு. பன்னிரண்டாவதாக மறுபடி ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். மலையிலிருந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் எங்கள் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டன்சாயா கொடுத்த அந்த அம்மா மட்டும் மணிமுத்தாறு சைட்டுக்கு நேரில் வந்து, தன் வீட்டுத் தூண்களை ஒவ்வொன்றாகக் கல்லால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். கம்பெனியில் பதினாறு பேர் ஐந்து பேரானார்கள். ஐந்தில் நான் இல்லை. கடைசிக் குடும்பம் திரும்பிக் குடியேறிய நாளில் அக்கா என்னை வாசலோடு நிறுத்திச் சொன்னார்: “நீ வந்து சொன்னதால அத்தன பேரும் உசுரோட இருக்காவ. அத நான் மறக்க மாட்டேன். ஆனா நாலு வருஷம் சொல்லாம இருந்ததையும் என்னால மறக்க முடியல. நாளைலருந்து வராத.” அவர் சொன்னது நியாயம் என்பதால்தான் அவ்வளவு வலித்தது. கொத்தனார் அண்ணாச்சியிடம் அக்கா என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்து, தொழிலையே விட்டுவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் கலவையை நிறுத்திவிடுவேன். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பயம் என்னைவிட்டுப் போனதாகச் சொல்ல மாட்டேன். போகவேண்டும் என்று ஜெபித்ததும் இல்லை. அன்று நான் பயந்ததில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. சிரிப்புக்குப் பயந்தேனே, அந்தத் தூணுக்கு அல்லவா பயந்திருக்க வேண்டும். அக்காவுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

போன தை மாதம் எனக்கென்று ஒரு சின்ன வீடு வாங்க நினைத்தபோது, கால் தானாக அவருடைய அலுவலகத்துக்குப் போனது. மறுபடியும் அது ஒரு முன்னறைதான். அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து வியப்பு எதுவும் காட்டவில்லை. வீடு வேண்டும் என்றேன்; ஒரு விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “தச்சநல்லூர் தாண்டி ஆறு வீடு கட்டுதோம். ஒண்ணு இருக்கு. யாரு மேற்பார்வைன்னு கேக்க மாட்டியா?” என்றார். யாரென்று கேட்டேன். “நான்தான். வேற ஆளு வைக்கல,” என்றார்.

மறுநாள் காலை இடத்தைப் பார்க்கப் போனேன். கூரைக்குக் காங்கிரீட் போடும் நாள். கலவை இயந்திரமும் வைப்ரேட்டரும் போட்டிபோட்டு இரைந்துகொண்டிருந்தன. ஓரத்தில் இன்னொரு வைப்ரேட்டர் சும்மா தயாராகக் கிடந்தது. சாரத்தில் சாத்திய மூங்கில் ஏணியின் பாதியில் அக்கா. சேலையை வரிந்து சொருகியிருந்தார். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய் ஏணியின் அடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை. ஆனாலும் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“பிடிச்சிருக்கியாட்டி?”

“பிடிச்சிருக்கேன்க்கா.”

“விட்டுராத,” என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார்.